சீற்றுக்கு எடுத்த அளவு

என் மோட்டார் சைக்கிளின் சீற் வேப்பம் பலகையில் செய்தது. உரும்பிராயில் படலைக்குப் படலை நிறுத்தி மீன் விற்கும்போது, "உதென்ன பிள்ளை, பலகையிலையோ இருந்து ஓடுறாய்? நோகாதோ?" என்று கேட்காத ஆள் இல்லை. நோகாது. எனக்கு நொந்தது வேறு இடத்தில். அதை நின்று விளக்கினால் மீன் பழுதாகிவிடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முன்பெல்லாம் பஸ்ஸில்தான் மீன் கொண்டுபோவேன். விடியற்காலையில் மயிலிட்டிக் கரையில் வாங்கி, ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு அடைத்து, றோட்டில் வந்து நிற்பேன். கொண்டக்டர்மாருக்கு என்னைக் கண்டாலே முகம் கோணும். பெட்டியைப் பின்னுக்குத் தள்ளு என்பார்கள். தள்ளினால் வழியை மறைக்குது என்பார்கள். ஒருநாள் கலியாணத்துக்குப் போன ஒரு பெண் பட்டுச்சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏதோ முணுமுணுக்க, கொண்டக்டர் பெல்லை அடித்து என்னைப் பாதி வழியில் இறக்கிவிட்டான். காலை வெயில் ஏறிவிட்டிருந்தது. இரண்டு பக்கமும் வெங்காயத் தோட்டம். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி நடந்தேன். மூக்கைப் பொத்துகிற இதே சனம்தான் வெள்ளிக்கிழமை விரதம் முடிந்த மறுநாள் படலையில் காத்து நின்று, "விளைமீன் இருக்கோ?" என்று கேட்கும். அந்த மீன் அவர்கள் சட்டிக்குப் பறந்தா வரும்?

அன்றைக்கே முடிவெடுத்தேன். வெளிநாடு போன என் அண்ணன் விட்டுப்போன மோட்டார் சைக்கிள் எங்கள் வளவில் தறப்பாளின் கீழ் நின்றது. இன்னொருவரின் வள்ளத்தில் கடலுக்குப் போகிற என் கணவர் எப்போதாவது எடுத்து ஓடுவார். தங்கையின் ஸ்கூட்டியில் பழகி நானும் லைசன்ஸ் எடுத்திருந்தேன். ஸ்கூட்டி ஒன்று வாங்கலாமே என்று புத்தி சொல்கிறவர்கள் வாங்கித் தரட்டும், நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

சிக்கல் சீற்றில்தான் இருந்தது. மேலுறை கிழிந்து, உள்ளே இருந்த பஞ்சில் மழைத்தண்ணீர் ஊறி, எலி வேறு கூடு கட்டியிருந்தது. அதையும் விடப் பெரிய சிக்கல் உயரம். நான் கட்டை. ஏறி இருந்தால் கால் பெருவிரல் மட்டும் நிலத்தைத் தொடும். பெட்டி நிறைய மீனோடு சந்தியில் நிறுத்தினால் வண்டியும் நானும் மீனும் ஒன்றாகச் சரிய வேண்டியதுதான். பஞ்சை எறிந்துவிட்டுப் பலகையில் செய்தால் சீற்றின் உயரம் குறையும், கால் ஊன்றும். மீன் தண்ணீர் ஊறாது, ஒரு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவினால் முடிந்தது. முன்பக்கம் ஒடுக்கமாக வேண்டும். பின்பக்கம் பெட்டி வைக்கத் தட்டையாக, கயிறு கட்ட ஓட்டைகளோடு வேண்டும். எல்லாம் என் மண்டைக்குள் தயாராக இருந்தது.

கரையில் கொட்டில் போட்டு வள்ளங்கள் திருத்துகிற ஓடாவி ஒருவர் இருக்கிறார். கதவு, கட்டில் என்று கேட்டாலும் செய்து தருவார். சீற் செய்விக்க அவரிடம் நானும் வருகிறேன் என்று வீட்டில் சொன்னேன். என் கணவர் விடவில்லை.

"அந்த மனிசன் உன்னை எப்பிடியப்பா அளக்கிறது? கொட்டிலுக்கை நாலு ஆம்பிளையள் இருப்பினம். நான் சொல்லிச் செய்விக்கிறன்."

அதிலும் நியாயம் இருப்பதாகத்தான் அப்போது பட்டது. தையல்காரி அளப்பாள், வளையல் கடைக்காரன் கையை அளப்பான். ஓடாவி ஒருவர் ஒரு பெண்ணின் கால் நீளத்தை அளந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அதனால் வீட்டிலேயே என் காலை அளந்து, கயிற்றில் முடிச்சுப் போட்டு அவர் கையில் கொடுத்தேன். எப்படியெப்படி வேண்டும் என்று பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோல இரண்டு தரம் சொல்லியும் அனுப்பினேன்.

சீற் சாக்கில் சுற்றி வந்தது. அழகுதான், பொய் சொல்லக் கூடாது. கை வைத்தால் வழுக்கும்படி சீவி வார்னிஷ் அடித்திருந்தார். பூட்டி ஏறி இருந்தேன். முன்பக்கம் என் கணவரின் தொடைக்கு ஏற்ற அகலம். எனக்குப் பெருவிரல்கூட நிலத்தில் படவில்லை. பின்பக்கத்தைப் பார்த்தேன். நடுவைக் குழித்து, ஓரத்தை உருட்டி, ஒரு பெண் ஒருபக்கமாகச் சரிந்து இருந்து போக வசதியாகச் செய்திருந்தது. இடப்பக்கம் அவள் பாதங்களை வைக்க ஒரு சின்னப் பலகை வேறு. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.

ஓடாவியை வாய்க்கு வந்தபடி திட்டினேன். என் கணவர் மட்டும் அவசரப்பட்டார். "விடு, விடு, நான் பிறகு கதைக்கிறன். இப்ப நானே கொண்டுபோய் விடுறன்."

இரவெல்லாம் கடலில் நின்று விடியக் கரைக்கு வந்து, சாப்பிட்ட கையோடு சரிகிற மனிதர் என்னை உரும்பிராய்க்கு ஏற்றிப் போவாராம். ஒரு கிழமை போவார். பிறகு? திரும்பவும் பஸ், திரும்பவும் அந்தக் கொண்டக்டரின் மூஞ்சி. சீற்றைக் கழற்றிச் சாக்கில் போட்டு வண்டியில் கட்டினேன். கொட்டில் வரைக்கும் உருட்டிக்கொண்டு போனேன். என் கணவர் செருப்பும் போடாமல் என் பின்னால் ஓடிவந்தார்.

"என்னண்ணை செய்து வச்சிருக்கிறியள்?"

ஓடாவி சீவுளியை வைத்துவிட்டு முழித்தார். "ஏன் தங்கச்சி, கால் பலகை எட்டேல்லையோ?"

"ஆர் கேட்டது கால் பலகை? ஓடப்போறது நான்."

"நீங்களோ?" அவர் எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தார். "இந்தத் தம்பி, தான்தான் ஓடுறது, மனிசி பின்னாலை ஒருபக்கமா இருப்பா, வசதியாச் செய்து தாங்கோ எண்டவர். நானும் பாத்துப் பாத்துச் செய்தனான்."

"முடிச்சுப் போட்ட கயிறு?"

"கயிறோ? ஒரு கயிறும் வரேல்லையே."

கொட்டிலில் இருந்தவர்கள் கதையை நிறுத்தினார்கள். நான் திரும்பினேன். என் கணவர் மண்ணைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"உவங்கள் நக்கலடிப்பாங்கள் எண்டு..."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கொண்டக்டர் ஊரான், அவன் செய்ததை அன்றோடு விழுங்கிவிட்டேன். இவர் என்னோடு ஒரே பாயில் படுக்கிறவர். நான் நடந்து வந்த அன்று என் காலுக்கு எண்ணெய் போட்டு உருவிவிட்டவர். அவரும் என்னை இறக்கித்தான் விட்டார்.

சீற்றை இறக்கிவிட்டுச் சாக்கை வெறும் சட்டத்தின் மேல் விரித்து, சோட்டிக் கவுனுக்குக் கீழே போட்டிருந்த காற்சட்டையோடு ஏறி இருந்தேன்.

"அளவெடுங்கோ அண்ணை."

"என்ன தங்கச்சி உது, ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும்."

அவர் அளவு நாடாவை மேசையில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். நான் எட்டி எடுத்து என் கணவரிடம் நீட்டினேன். "நீங்கள் எடுங்கோ."

அவர் மரச்சீவல்களில் முழங்காலிட்டு, சட்டத்திலிருந்து என் குதிக்கால் வரை நாடாவைப் பிடித்தார். அளவை வாய்க்குள் சொன்னார்.

"கேக்கேல்லை," என்றார் ஓடாவி.

திரும்பச் சொன்னார்.

"ஆரின்ரை அளவு எண்டும் சொல்லுங்கோ," என்றேன்.

"என்ரை மனிசியின்ரை." நாடாவை விடாமல் நிமிர்ந்தார். "அவதான் ஓடப்போறா."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஓடாவி காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பலகையில் புதிதாகக் கோடு போட்டார்.

இப்போது என் இரண்டு பாதமும் நிலத்தில் முழுதாக ஊன்றும். பெட்டி பின்னால் அசையாமல் இருக்கிறது. அந்தக் கால் பலகையைக் கொண்டுவந்து அடுப்பில் வைத்துத் தேத்தண்ணீர் கொதிக்க வைத்தேன். கயிற்றை என்ன செய்தார் என்று அவர் இன்றுவரை சொல்லவில்லை. கடலிலிருந்து வந்ததும் வண்டியைத் துடைத்து, பெற்றோல் பார்த்து வைக்கிறார். உனக்கு நல்ல புருசன் என்று சனம் சொல்கிறது. இல்லை என்று நானும் சொல்லவில்லை. ஆனால் 'அவதான் ஓடப்போறா' என்ற அந்த ஒரு வசனத்தை முதல் நாள் தனியாகப் போனபோதே ஓடாவியிடம் சொல்லியிருக்கலாம். நான் அத்தனை பேருக்கு முன்னால் ஏறி இருந்த பிறகுதான் அது அவர் வாயில் வந்தது. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.