சம்பந்தி பஸ்ஸை நிறுத்தியவன்

டிரைவர்களைத் தூங்க வைப்பதற்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்து வைத்திருந்த ஆள் நான். பெயர் சென்னப்பன், ஓசூர் எல்லைக் கேட்டில் இன்ஸ்பெக்டர். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டி வந்தவனை நிறுத்தி, ஓய்வெடுக்கச் சொல்ல வேண்டும். சொல்வேன். ஒரு பயல் கேட்கமாட்டான்.

"அது மைசூர்ப் பக்கம் ஓட்டுன மணிங்க சார். உங்க கணக்கு இந்தக் கேட்லதான ஆரம்பம்?" என்பார்கள். ராத்திரி முழுக்க ஓட்டியவனின் தூக்கம் எல்லையைக் கண்டதும் இறங்கிப் போய்விடுமாக்கும்! அப்போது கர்நாடகம் மைசூர் மாநிலம்தான். அந்த மாநில ஆபீசுக்கு எழுதினால் பதில் வராது. நான் விசில் ஊதுவேன், லாரி போய்க்கொண்டே இருக்கும். டீக்கடையில் எனக்குத் "தாலாட்டு இன்ஸ்பெக்டர்" என்று பேர். கோபம் பொத்துக்கொண்டு வரும். வந்து என்ன செய்ய?

எழுபத்தொன்றில் என் மகள் பாஞ்சாலிக்குக் கல்யாணம். ஓசூரிலிருந்து இரண்டு மணி நேர வழியில், பாப்பாரப்பட்டியில் பந்தல், காலையிலேயே முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டார் துமகூரிலிருந்து முதல் நாளே வர வேண்டியவர்கள். வழியில் பஸ் பழுதாகி, விடிந்த பிறகுதான் ஓசூர் சேர்ந்தார்கள். எல்லையிலேயே வரவேற்கச் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற என்னிடம் டிரைவர் காசிம் இறங்கி வந்தார். கண்கள் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தன.

"சார், நேத்து காலையில உக்காந்தவன். கண்ணு சொருகுதுங்க. உங்க வூட்டுக் கல்யாணம்னு தெரியும். கொஞ்சம் தூங்கிக்கட்டுங்களா?"

அட கடவுளே! என் சர்வீஸில் தூக்கம் கேட்டு வந்த முதல் டிரைவர், அதுவும் இந்த வண்டியிலா! "அது மைசூர்க் கணக்கு, எடுங்க வண்டிய" என்று என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வேறு டிரைவர் தேடி ஓடினேன். கிடைத்த ஒருவன் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தான். பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் மடியில் யாருடைய குழந்தையோ படுத்திருந்தது. தொப்பூர் கணவாயில் உருண்டு கிடந்த பஸ் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். பயமாக இருந்தது.

"தூங்குங்க," என்றேன்.

சம்பந்தி முனிராஜ் கன்னடம் கலந்து எகிறினார். "ஏன்ரீ இது! முகூர்த்தம் தப்புனா பஸ்ஸத் திருப்பிக்கிட்டு ஊருக்கே போயிடுவோம்!"

"திருப்பணும்னாலும் அவருதாங்க எழுந்திரிக்கணும்," என்றேன்.

காசிம் அதற்குள் குறட்டை விட்டார். நான் பஸ் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, மொத்தக் கூட்டத்தின் வசவையும் வாங்கியபடி காவல் இருந்தேன்.

பாப்பாரப்பட்டி போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில் இறங்கிவிட்டது. முகூர்த்தம் மறுநாளைக்குத் தள்ளிப்போனது. முனிராஜ் முறைத்துக்கொண்டே இறங்கினார். என் மனைவி தீர்த்தம்மாள், "ஊர்ல ஒரு டிரைவரும் உங்க பேச்சக் கேக்கல. பெத்த பொண்ணு கல்யாணத்துலதான் சட்டம் பேசணுமா?" என்று பொரிந்து தள்ளினாள்.

பாஞ்சாலியிடம் தயங்கித் தயங்கிப் போனேன். பஸ் எங்கோ கவிழ்ந்துவிட்டதாக யாரோ புரளி கிளப்பியிருக்கிறார்கள். மணக்கோலத்தில் உட்கார்ந்து அழுதவளின் கண்மை கன்னத்தில் வழிந்திருந்தது. என் கையை இறுகப் பிடித்தாள்.

"எல்லாரும் வந்துட்டாங்களாப்பா?"

"வந்துட்டாங்கம்மா."

"யாருக்கும் ஒண்ணும் ஆகலியே?"

"ஆகலம்மா. முகூர்த்தந்தான்..."

"அது நாளைக்கும் வரும்பா," என்றாள்.

அத்தனை பேர் முன்னாலும் நான் குலுங்கி அழுதேன்.