மஞ்சக்கயிறு கட்டின ரெட் கம் மரம்

ஹீட்டர் மேல காயப்போட்ட சாக்ஸோட ஈர வாசம்... வெளிநாடு வந்து பாயிண்ட் குக்-ல இருந்த அந்த மொத வருஷத்த நெனச்சா எனக்கு அதுதான் முன்னாடி வருது.

நானும் மலரும் ஷேரிங்ல இருந்தோம். அவ நர்ஸ், திருச்சிக்காரி. ஜப்பான் அனிமேஷன் படம்னா அவளுக்கு உசுரு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரசஞ்சாதத்த மடியில வெச்சுகிட்டு லேப்டாப்ல ஏதாவது ஒண்ணு போட்டுடுவா. "ஏழு கழுத வயசாச்சு, இன்னும் பொம்மைப் படமா?"ன்னு நான் கிண்டல் பண்ணுவேன்.

"ஒண்ணே ஒண்ணு உக்காந்து பாருடி. அப்புறம் பேசு"ன்னா.

பாத்தேன். ஒரு மலை... அதைக் குடைஞ்சு சுரங்கம் போட வர்றாங்க. உள்ள தூங்கிட்டிருந்த சாமி எழுந்திரிச்சு வருது. நம்ம படமா இருந்தா கண்ணு செவந்து எல்லாரையும் அழிச்சிருக்கும். இந்த சாமி வேலைக்காரங்க கூட உக்காந்து சோறு சாப்புடுது. சுரங்கத்துக்கு பிளான் போட்ட பொண்ணுகிட்ட, "நான் எங்க போகட்டும்?"னு கேக்குது. அந்தப் பொண்ணும் கெட்டவ இல்ல. அவ ஊருக்கு ஆஸ்பத்திரி போக வழி வேணும், அவ்வளவுதான்.

கடைசியில சுரங்கம் வந்துடுது. சாமி கொஞ்சம் தள்ளி உக்காந்துக்குது. அங்க இருக்கிற ஒரு பழைய மரத்துக்கு ஊர்க்காரங்க தடியா ஒரு கயிறு கட்டி கும்புடுறாங்க...

மலர் மூக்க உறிஞ்சிகிட்டிருந்தா. எனக்கு அழுகை வரல, அந்தப் பொண்ணு மூஞ்சியவே பாத்துகிட்டிருந்தேன். ஏன்னா நான் பாத்த வேலையே அந்தப் பொண்ணு வேலைதான். புதுசா வீடுங்க கட்டப் போற எஸ்டேட்டுக்கு மழைத்தண்ணி பைப் டிசைன். என் பைப் போற லைன்ல மூணு ரெட் கம் மரம் இருந்துச்சு, நம்மூர் தைல மரத்து ஜாதி. மூணையும் வெட்ட பெர்மிட் கெடச்சாச்சு. கொஞ்சம் வளைச்சா ஒண்ணையாவது காப்பாத்தலாம்னு எனக்குத் தெரியும், வரைஞ்சும் பாத்தேன். வெளிய காட்டத்தான் தைரியம் இல்ல. ஆறு மாச ப்ரொபேஷன் முடிஞ்சாதான் கம்பெனி விசாவுக்கு ஸ்பான்சர் பண்ணும். வாயக் குடுத்து மாட்டிக்க வேணாம்னு கம்முனு இருந்துட்டேன்.

அந்த வாரம் ஆடி வெள்ளி. பைப் லைனுக்கு அடிச்ச முளைக்குச்சிய செக் பண்ண சைட்டுக்குப் போனேன். பையில மஞ்சக்கயிறு, சந்தனம், குங்குமம். எங்க வீட்டுல முருங்கை மரத்த வெட்டுறதா இருந்தாக்கூட அப்பா முந்தின நாளே கயிறு கட்டி, பொட்டு வெச்சு, மன்னிப்புக் கேப்பாரு. அதே மாதிரி செஞ்சேன். மூணுல பெரிய மரத்துக்கு கயிறு கட்டி, பொட்டு வெச்சு, "மன்னிச்சுக்க"ன்னு சொல்லிட்டு வந்தேன். மனசு லேசாச்சு. பாவத்த செய்யறதுக்கு முன்னாடியே கழுவிட்ட மாதிரி ஒரு திருப்தி, போங்க.

திங்கக்கிழமை காலையில ஆபீஸ்ல ஒரே பரபரப்பு. மரம் வெட்ட வந்த மெஷின் ஓட்டுறவர் அந்தப் பொட்டையும் கயிறையும் பாத்துட்டு எஞ்சின ஆஃப் பண்ணிட்டாராம். இந்த மண்ணோட பூர்வகுடி மக்கள் யாரோ புனிதமான மரம்னு அடையாளம் வெச்சிருக்காங்க, நான் தொட மாட்டேன்னுட்டாராம். வேலை மொத்தமா நின்னுடுச்சு.

 வாய மூடிட்டு இருந்தா மரம் பொழச்சுக்கும், விசாவும் பொழச்சுக்கும். யாருக்கும் தெரியப் போறதில்ல. மலருக்கு போன் போட்டு நடந்தத சொன்னேன்.

"சாமி காப்பாத்துச்சுன்னு விட்டுடவா?"ன்னு கேட்டேன்.

அவ ஷிஃப்ட்ல இருந்தா. வார்டுக்கு வெளிய வந்தா. அப்புறம் சொன்னா: "அவங்க மண்ணு, அவங்க சாமி. அவங்க பேர்ல நீ பொய் சொல்லலாமாடி?"

அதுக்கு மேல என்ன இருக்கு? பாஸ் ரூம் கதவத் தட்டுனேன். ஸ்டீவ்-னு பேரு, சிரிச்சே பாத்ததில்ல. கட்டினது நான்தான், எங்க ஊர் வழக்கம்னு எல்லாத்தையும் சொன்னேன்.  அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு. மரத்துகிட்ட மன்னிப்பு கேக்கற அளவுக்கு உறுத்திச்சுன்னா என்கிட்ட ஏன் வரல?

 மடிச்சு வெச்சிருந்த ட்ராயிங்க எடுத்து நீட்டுனேன். அதைப் பாத்துகிட்டே இருந்தாரு. மெஷின்காரர்கிட்ட நீயே போய் சொல்லிட்டு வான்னாரு. போய் சொன்னேன். அவர் தொப்பிய கழட்டி தலைய சொறிஞ்சுகிட்டே, சரி, யாரோ ஒருத்தருக்கு அது சாமிதானேன்னாரு.

பைப் வளைஞ்சுது. பெரிய மரம் நின்னுச்சு. மத்த ரெண்டையும் வெட்டிட்டாங்க, நான் பக்கத்துலயே நின்னு பாத்தேன். ஸ்பான்சர்ஷிப் ரெண்டு மாசம் தள்ளிப் போச்சு, ஆனா வந்துச்சு.

இப்ப நான் சிட்டிசன். ட்ராயிங்ல கடைசி கையெழுத்தே என்னுது. மரமெல்லாம் ஸ்கிரீன்ல பச்சை வட்டம்... சைட்டுக்குப் போகவே தேவையில்ல. மலர் சிட்னிக்குப் போயிட்டா, மெரிலேண்ட்ஸ்ல இருக்கா. இன்னும் அதே படங்கள பாத்து அதே மாதிரி மூக்க உறிஞ்சறா. நேத்து போன்ல கேட்டா, "இப்பல்லாம் மரத்துகிட்ட பேசறியா?"

சிரிச்சு மழுப்பிட்டேன்.

உண்மையச் சொல்றேன். போன வாரம் ஒரு மீட்டிங். டார்னீட்னு ஒரு ஏரியா பக்கம் ஓடைய மூடி ரோடு போடற பிளான். மாத்து வழி இருக்குன்னு எனக்குத் தெரியும். விசா போயிடும்னு பயமில்ல, வேலை போயிடும்னும் பயமில்ல. இருந்தும் மணியப் பாத்துகிட்டு கம்முனு உக்காந்திருந்தேன். அன்னைக்கு ஒண்ணுமே இல்லாதப்ப இருந்த வாய் இப்ப எங்க போச்சுன்னு தெரியல...

அந்த ஓடை ட்ராயிங் இன்னும் என் டேபிள் மேலதான் இருக்கு. கையெழுத்துப் போடல. நாளைக்குக் காலையில மறுபடியும் மீட்டிங். இத படிக்கிற உங்க எல்லார் முன்னாடியும் எழுதிட்டேன், இனி பேசாம வர முடியாது.