வருஷம் திரும்பாத வீட்டில் காதல் பாட்டு

இங்கிலீஷ் பாடகர் ஒருவர் தன் குழுவை விட்டுப் பிரிந்த பிறகு தனியாகப் பாடிய கேசட்டுகள் எல்லாம் என்னிடம் இருந்தன. மைசூருக்கு யோகா கற்க வரும் வெள்ளைக்காரர்கள் ஊர் திரும்பும்போது சாமான்களைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போவார்கள். மார்க்கெட் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில், ஸ்டவ்வுக்கும் பாய்க்கும் நடுவில் கிடந்தவற்றை நான்தான் பொறுக்கி எடுத்து வந்தேன்.

என் கணவருக்குப் பிடித்தது அந்தக் குழு. நாட்டுப்புற மெட்டில் எலக்ட்ரிக் கிடாரையும் டிரம்ஸையும் சேர்த்து நாலைந்து பேர் ஓங்கிப் பாடுவது. தனியாகப் போன பின் பாடகர் அத்தனையையும் விட்டுவிட்டார். ஒரு கிடார், இடையிடையே மௌத் ஆர்கன், கரகரத்த குரல், பெரும்பாலும் காதல் பாட்டு. “சளி புடிச்சவன் பாடற மாதிரி இருக்குது, நிறுத்து” என்பார் கணவர். நிறுத்த மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் டேப் ரெக்கார்டருக்காக நாங்கள் போட்ட சண்டை வீதிக்கே தெரியும். அவருக்கு ஒரு கேசட், எனக்கு ஒரு கேசட் என்று ஒருவழியாக ஒப்பந்தமானது. என் முறை வந்ததும் பால் வாங்கக் கிளம்பிவிடுவார்.

தொண்ணூறுகளின் நடுவில் மஞ்சள் காமாலை ஒரே வாரத்தில் அவரைக் கொண்டுபோயிற்று. எனக்கு முப்பதுகூட ஆகவில்லை. கொள்ளேகாலில் அவர் வீட்டில் காரியங்கள் முடிந்ததும் மைசூருக்குத் திரும்பினேன். ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை, லீவு தீர்ந்துவிட்டது. வருஷம் திரும்பும்வரை வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். தலையாட்டிவிட்டு வந்து, டேப் ரெக்கார்டரைத் துண்டால் மூடினேன்.

சில வாரம் தாங்கினேன். பகலெல்லாம் காதில் யார் யாருடைய குரலோ. வீட்டுக்கு வந்தால் குழாய் சொட்டுகிற சத்தம். ஒரு ஞாயிறு காலை துண்டை எடுத்துத் துவைக்கப் போட்டேன், கேசட்டைப் போட்டேன். வெளியூர் போய்த் திரும்புகிறவன், தன் காதலி கதவைத் தாழிடாமல் தூங்கிப்போனதைப் பார்த்து, அவளை எழுப்ப மனமில்லாமல் வாசலிலேயே உட்கார்ந்துகொள்கிற பாட்டு. எனக்கு மிகப் பிடித்தது. முழுக்கக் கேட்டேன், அழுதேன், பிறகு சோறு வைத்துச் சாப்பிட்டேன். அத்தனை நாள் கழித்து நன்றாகப் பசித்தது. அதன்பின் தினமும் கேட்டேன். ஜன்னலையும் சாத்தவில்லை.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அடுத்த வீதியில் கணவர் வீட்டாரின் சொந்தக்காரர் குடும்பம் ஒன்று இருந்தது. செய்தி கொள்ளேகால் பஸ் ஏறிப் போய்க் கணவரின் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்தது. பட்டு நூல் வியாபாரி, அதிர்ந்து பேசத் தெரியாத நல்ல மனுஷர். காபியைக் குடித்துவிட்டு டேப் ரெக்கார்டரைப் பார்த்தார்.

“வருசம் திரும்பற வரைக்கும் இது எங்கூட்டுல இருக்கட்டும் அம்மிணி. அப்பறம் நானே கொண்டாந்து தர்றேன்.”

“எதுக்குங் மாமா?”

“எழவு விழுந்த ஊட்டுல பாட்டுக் கேக்கலாமா?”

“அன்னைக்குப் பந்தல்ல பொழுதுக்கும் பாடுனாங்களே, அது பாட்டில்லைங்களா?”

“அது ஒப்பாரி.”

“ஆனைமேல வந்த ராசான்னு உங்க தம்பியப் பாடுனாங்க. அவரு சைக்கிள்ல போயிட்டு வந்தவரு. பொய்யின்னு யாராச்சும் நிறுத்தச் சொன்னீங்களா?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி வந்த விஷயத்துக்கு வந்தார்.

“காதல் பாட்டுங்கறாங்க. எவனோ இருக்கான், அதான் இவ கேக்கறான்னு பேசறாங்க. சும்மா பேசுவாங்களான்னு அம்மாவும் கேக்கறாங்க.”

கோபத்தில் எழுந்துவிட்டேன். அவர் கையமர்த்தினார்.

“இரு அம்மிணி. இது அவனுக்குப் புடிச்ச பாட்டு, அவன் நெனப்புல கேக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லு. மிச்சத்த நான் பாத்துக்கறேன். ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான்.”

அவர் கண்கள் கலங்கியிருந்தன. அந்தப் பதில் அவருக்கே வேண்டியிருந்தது. சொல்லியிருந்தால் பாட்டும் மிஞ்சியிருக்கும், பேரும் மிஞ்சியிருக்கும். பத்தினி என்று ஊரே மெச்சியிருக்கும். கணவரின் நினைப்பு வராமல் நான் கேட்டதும் இல்லைதான்.

“இல்லைங் மாமா. இந்தப் பாட்டு அவருக்கு ஆகவே ஆகாது. எனக்குத்தான் புடிக்கும்.”

“அத மனசோட வெச்சுக்கக் கூடாதா?”

“இதுக்கு அவரு பேரச் சொன்னா, நாளைக்கு நல்ல சீலை கட்டவும் அவரு பேரச் சொல்லோணும், சிரிக்கவும் அவரு பேரச் சொல்லோணும். அவரு இருந்தப்பவே நான் அப்படி நடக்கலைங் மாமா.”

அவர் டேப் ரெக்கார்டரைத் தொடாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். கொள்ளேகாலில் உள்ளதை உள்ளபடியே சொல்லியிருக்கிறார். வருஷத் திதிக்கு நான் போனபோது, அடுப்படியில் பெண்கள் என் காதில் விழும்படி அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். புருஷனுக்குப் பிடிக்காத பாட்டைத் தனக்குப் பிடிக்கும் என்று கூசாமல் சொன்னாளாம், அதுவும் காதல் பாட்டாம் என்று. சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. “ஆமா, எனக்குத்தான் புடிக்கும்” என்று அங்கேயும் சொன்னேன்.