ஆள் இல்லை என்று சொன்னவள்

சபிதாவைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சு உண்டு. விவரம் கெட்டவள், கையில் இருந்த பிழைப்பைத் தானே தொலைத்துக்கொண்டாள் என்பது ஒன்று. அவளைப் போல ஒருத்தி இந்தப் பக்கத்தில் இல்லை என்பது இன்னொன்று. இரண்டாவதைச் சொல்கிறவர்கள் குறைவு. நானும் அந்தக் கட்சிதான், ஆனால் சத்தமாகச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் மேற்கொண்டு எழுத எனக்கே மனம் வராது.

என் பெயர் பெருமாள்சாமி. பசுவந்தனைக்குத் தெற்கே உரமும் பூச்சிமருந்தும் விற்கிற கடை வைத்திருக்கிறேன். சபிதா குளத்தூர்ப் பக்கம் பிறந்தவள். அப்பா வேதமுத்து உப்பளத்துக்குப் போனார். அம்மா கண்டவர் புன்செய்க் காட்டில் புல்லறுத்து ஒரு எருமையை வளர்த்து, அந்தப் பாலில் இவளைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்க வைத்தாள். எங்கள் ஊர் டெல்வினுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீசில் கூலி வேலைக்குப் பத்து வருடம் பஸ் ஏறினாள். டெல்வினுக்கு முதுகில் அடிபட்ட பிறகு வீடு அவள் ஒருத்தி கையில்தான் ஓடியது.

மூன்று வருடத்துக்கு முன் மகளிர் குழுவுக்கு ஒரு கம்பெனி மருந்தடிக்கும் ட்ரோன் கொடுத்தது. ஓட்ட ஒரு ஆள் வேண்டும் என்றதும் மற்றப் பெண்கள் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவ, இவள் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழோடு வந்தாள். முதல் நாள் வேதக்கோயிலிலிருந்து ஃபாதர் வந்து மெஷினுக்கு ஜெபம் செய்தார். அவர் போன கையோடு யாரோ மெஷினின் கால்களுக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைத்தார்கள். இரண்டு சாமியும் சம்மதித்த பிறகு அது மேலே கிளம்பியது. அன்றைக்குச் சபிதா சிரித்த சிரிப்பை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

அவள் வேலையில் குறை சொல்ல முடியாது. மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்தால் முதலில் என் கடைக்கு வருவார்கள், அடுத்து அவளுக்குப் போன் போடுவார்கள். தோளில் டேங்க் சுமந்து ஒரு நாள் முழுக்க அடிக்கிற காட்டை அவள் டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவாள். தண்ணீர் குறைவாகச் சேர்ப்பதால் மருந்து மட்டும் கெட்டியாக இறங்கும். ஒவ்வொரு முறையும் பறப்பதற்கு முன்னால் கையில் இருக்கும் திரையில் ஒரு கேள்வி வரும். காட்டுக்குள் ஆள் இல்லை என்பதை உறுதி செய்கிறீர்களா? ஆம் என்று தொட்டால்தான் மெஷின் கிளம்பும். ஒரு நாளைக்கு இத்தனை ஏக்கர் முடிக்க வேண்டும் என்று கம்பெனி விதித்திருந்தது. காட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க அவளுக்கு நேரம் ஏது? தொட்டுத் தொட்டு, அது கேள்வி என்பதே அவளுக்கு மறந்துபோனது.

எங்கள் பக்கத்தில் புல்லறுக்கவோ கீரை பிடுங்கவோ யாரும் யாரிடமும் கேட்பதில்லை. பயிரை மிதிக்காமல் போய்விட்டு வந்தால் சரி. போன கார்த்திகையில் சுந்தரபாண்டியின் மக்காச்சோளம் நெஞ்சு உயரம் நின்றது. சுடலைச்செல்வி அதற்குள் உட்கார்ந்து புல்லறுத்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதுக்காரி, ஒரு பால்மாடுதான் அவளுக்கு எல்லாம். ட்ரோன் சத்தம் ஒரு வாரமாகவே எல்லாக் காட்டிலும் கேட்டுக்கொண்டிருந்ததால் அது தன் தலைக்கு மேல் வரும் என்று நினைக்கவில்லை. மரத்தையும் மின்கம்பத்தையும் கண்டு ஒதுங்கத் தெரிந்த மெஷினுக்குப் பயிருக்கடியில் குனிந்திருக்கும் மனுசியைத் தெரியவில்லை.

பேட்டரி மாற்ற ட்ரோனை இறக்கிய பிறகுதான் முனகல் சபிதாவின் காதில் விழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தாள். மருந்தில் நனைந்து சுடலைச்செல்வி சுருண்டு கிடந்தாள். குடிக்க வைத்திருந்த தண்ணீரை முழுக்க அவள் முகத்தில் ஊற்றி, தன் சேலையால் துடைத்து, தோளில் போட்டுக்கொண்டு ரோடு வரை வந்தாள். கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். ஒரு கண் மங்கிவிட்டது, கை நடுக்கமும் நிற்கவில்லை.

நாலாம் நாள் கம்பெனி மேற்பார்வையாளர் ஜேம்ஸ்ராஜ் ஒரு தாளோடு சபிதா வீட்டுக்கு வந்தார். முறைப்படி சத்தம் கொடுத்து எச்சரித்தோம், அதை மீறி ஒரு பெண் அத்துமீறி நுழைந்துவிட்டாள் என்று அதில் அச்சடித்திருந்தது.

"மெஷின் மேலயும் தப்பில்ல, உங்க மேலயும் தப்பில்ல. கையெழுத்துப் போடுங்க. நாளைக்கே பழையபடி பறக்கலாம்" என்றார்.

"போடலன்னா?"

"ட்ரோன எடுத்துட்டுப் போயிருவாங்கம்மா. உங்க சான்றிதழும் போயிரும்."

சபிதா அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் படித்தாள். "எங்கம்மாவும் இப்படித்தான் சார் அடுத்தவங்க காட்டுல புல்லறுத்தா. அப்ப அவளும் அத்துமீறுனவளா?" என்று கேட்டாள். ஜேம்ஸ்ராஜ் யோசித்து முடிவு சொல்லச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நானும் ஒரு பை ஆரஞ்சோடு அங்கே நின்றேன். சுடலைச்செல்விக்கு விஷயம் அதற்குள் எட்டியிருந்தது.

"கையெழுத்தப் போட்டுரு தாயி. ரெண்டு பிள்ளைய வச்சிருக்க. நீ சத்தம் குடுத்தது எனக்குக் கேட்டுதுன்னு நானே சொல்லுதேன்" என்றாள். அப்படிச் சொன்னால் வைத்தியச் செலவுக்குக் கம்பெனியிடம் ஒன்றும் கேட்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

"உங்களுக்குக் கேட்டுதாக்கா?"

"இல்ல."

"நான் கூப்பிடவே இல்ல. பிறகு எப்படிக் கேக்கும்?" சொல்லிவிட்டு சபிதா அந்தக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஆரஞ்சை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

வேளாண்மைத் துறை விசாரணை பஞ்சாயத்து அலுவலகத்தில் நடந்தது. சுடலைச்செல்வி கண்ணில் கட்டோடு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அன்று காட்டுக்கு மருந்து கொண்டுபோய்க் கொடுத்தவன் என்பதால் என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். ஆள் இல்லை என்று பதிவு செய்தது மெஷினா, நீங்களா என்று அதிகாரி கேட்டார்.

சபிதா எழுந்து நின்றாள். "மெஷின் கேட்டுச்சு சார். நான்தான் பாக்காம ஆமான்னு சொன்னேன். இந்த அக்காவுக்காகத்தான் அது கேட்டுருக்கு. நான் அத வெறும் பட்டன்னு நெனச்சிட்டேன். சத்தமும் குடுக்கல. நின்னு பாக்க நேரமில்லாம வேலைய வச்சது கம்பெனி, அதையும் எழுதிக்கோங்க. ஆனா தொட்டது என் விரல்."

ஜேம்ஸ்ராஜ் தலையைக் குனிந்துகொண்டார். வேறு யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று அதிகாரி எல்லோரையும் பார்த்துக் கேட்டார். யாரும் பேசவில்லை. அன்று சாயங்காலமே ட்ரோனை வேனில் ஏற்றிப் போனார்கள். கம்பெனி இழுத்தடித்து, ஆறு மாதம் கழித்து வைத்தியச் செலவைக் கொடுத்தது. சபிதா மறுபடி தீப்பெட்டி ஆபீசுக்குப் பஸ் ஏறினாள். மோசமான கூலி, மோசமான நெடி. ஒரு நாளும் அவள் இதைப் பற்றிக் குறைப்பட்டு நான் கேட்டதில்லை.

இனி என் பங்கு. அன்று மருந்து டப்பாவோடு பைக்கை நிறுத்தியபோது வரப்பில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது. காட்டுக்குள் போகிறவர்கள் செருப்பை வெளியே கழற்றிப் போடுவது இங்கே எல்லாருக்கும் தெரியும். உள்ளே ஆள் இருக்கிறது என்று எனக்கு அப்போதே தெரிந்தது. கடையில் உர லாரி வந்து காத்து நின்றது, எனக்குத் திரும்பும் அவசரம். ட்ரோன் சத்தம் கேட்டு அந்த ஆள் தானாக வெளியே வந்துவிடும் என்று நினைத்தேன். காட்டின் மறுகோடியில் திரையைப் பார்த்து நின்ற சபிதாவை ஒரு கூப்பாடு போட்டுக் கூப்பிட்டிருக்கலாம். ஒரு பையன் கையில் டப்பாவைக் கொடுத்தனுப்பிவிட்டு வந்துவிட்டேன்.

பத்து மாதம் இதை விழுங்கிக்கொண்டு திரிந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை சுடலைச்செல்வி வீட்டுக்குப் போனேன். அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். கை நடுங்கி வாளியில் பாதி கீழே சிந்தியது. நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும் அண்ணாச்சி" என்றாள். "பைக் நின்ன சத்தத்துல எட்டிப் பாத்தேன். நீங்க செருப்பையே பாத்துக்கிட்டு நின்னீங்க. மருந்தடிக்கதா இருந்தா அண்ணாச்சி கூப்புடுவாருன்னு திரும்பக் குனிஞ்சு அறுக்க ஆரம்பிச்சேன்."

"அப்ப விசாரணையில ஏன் நீங்க சொல்லல?" என்று கேட்டேன்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "அன்னைக்கும் நீங்களே சொல்லுவீங்கன்னுதான் உக்காந்திருந்தேன்."