அப்பா வீட்டுச் சண்டை

சபையில் அவளைப் பஞ்சர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த டயர் கடையை, புருஷன் இறந்த மறுமாதமே அவள் கையில் எடுத்துக்கொண்டாள். டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழ் வரும் இடத்தைப் பார்ப்பாள், உப்புத்தாளால் தேய்ப்பாள், ஒட்டுப் போடுவாள். பேரம் பேசுகிற லாரிக்காரனை ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பாள். பேரம் அதோடு முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில், கறை போகாத அதே கைகளைக் கூப்பிக்கொண்டு பெண்கள் ஜெபக்கூட்டத்தை நடத்துவாள்.

அவளுக்கு ஒரே மகள். கல்லூரியில் சேர்ந்த வருஷம், காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை.

அடக்கம் முடிந்து சில வாரம் கழித்துப் போதகர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷர்தான். எல்லாம் கர்த்தருடைய சித்தம், சபையில் எழுந்து அவருக்கு நன்றி சொன்னால் மனசு ஆறும் என்றார்.

"நன்றி சொல்ல மாட்டேங்க ஐயா. அவர்கிட்ட எனக்குக் கேள்விதான் இருக்கு."

விஷயம் பரவியது. ஜெபக்கூட்டப் பொறுப்பு கைமாறியது. சபை மூப்பரான அவள் புருஷனின் அண்ணன் கடைக்கே வந்து, நம்பிக்கை போய்விட்டதென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும், குடும்ப மானத்தை வாங்க வேண்டாம் என்று பொரிந்து தள்ளினார். அவள் டயரிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நம்பிக்கை இல்லாதவ எதுக்கு அத்தான் சண்டை போடப்போறா? என் அப்பா வீட்டுல நான் சண்டை போடுறேன். வெளிய போன்னு சொல்ல நீங்க யாரு?"

அடுத்த ஞாயிறு சபையில் முன்வரிசைப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். தினமும் கடை ஷட்டரைத் தூக்குவதற்கு முன் வேதம் வாசித்தாள். முடித்ததும் மறுபடி முதல் பக்கம். கடவுளைப் பார்த்துக் கதறியவர்கள் அதில் எத்தனை பேர்! ஒருவரையும் அவர் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை என்று கண்டதும் அவளுக்குத் தெம்பு வந்தது. புரியாத இடங்களை வைத்துக்கொண்டு போதகரை வாசலிலேயே மடக்குவாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவரும் மெல்லப் பழகினார். வருஷங்கள் இப்படியே ஓடின.

பக்கத்துத் தெருத் தையல்காரி தன் மகனைப் பறிகொடுத்தபோது, பஞ்சர் அக்கா வரிந்துகட்டிக்கொண்டு போனாள். அழுகையை அடக்காதே, அவரிடம் நேருக்கு நேர் கேள் என்று சொல்லிக்கொண்டே போனாள். தையல்காரி மெஷின்மேல் தலை சாய்த்திருந்தாள்.

"எனக்குச் சண்டை போட வரலக்கா. ஒரு பாட்டுப் பாடினா போதும்போல இருக்கு."

அக்காவுக்குச் சுருக்கென்றது. போதகர் அன்று தனக்குச் செய்ததையே தானும் இவளுக்குச் செய்கிறோம் என்று உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. பிறகு துணித்துண்டுகளை ஒதுக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, சுதி சேராத குரலில் அவளோடு சேர்ந்து பாடினாள்.

இதைக் கேள்விப்பட்ட போதகர், கடைக்கு வந்து, ஒருவழியாக மனம் அடங்கிவிட்டதே என்று அவளிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

"அடங்கலைங்க ஐயா, கத்துக்கிட்டிருக்கேன்" என்றாள் அவள். அன்று காலை வாசித்ததில் ஒரு சந்தேகம் இருந்தது. அவரை உட்காரச் சொல்லிவிட்டு அதை ஆரம்பித்தாள்.