அறுபத்தோராவது படம்

கடலுக்குப் போன அண்ணன் திரும்பாத ஆறாம் நாள், அவனுடைய முகம் எங்கெங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதினேன். அடையாள அட்டை: அவனோடு படகில் போய்விட்டது. குடும்ப அட்டைப் படம்: அதில் அவனுக்கு எட்டு வயது. பள்ளிக்கூடக் குழுப் படம்: கடைசி வரிசை, பாதி முகம். நான்காவதாக ஒன்றுதான் மிச்சம். பெரியம்மா மகளின் கணவர், பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அத்தான், இரண்டு வாரம் முன்பு பட்டினச்சேரிக் கரையில் தன் டிஜிட்டல் கேமராவில் அவனை எடுத்திருந்தார். "என்னைய எதுக்கு அத்தான் எடுக்கிறீங்க? மீன எடுங்க, அதுவாச்சும் அழகா இருக்கும்" என்றபடி நின்றான்.

காணாமல் போனவர் மனுவோடு இணைக்கக் காவல் நிலையத்தில் படம் கேட்டிருந்தார்கள். அம்மாவுக்கு மனுவைப் பற்றி அக்கறையில்லை. "மொகம் மறந்துபோயிடும்டி" என்றாள்.

அத்தான் மறுநாள் காலை சென்னைக்குக் கிளம்ப வேண்டும். கேமராவையும் கேபிளையும் என்னிடம் தந்துவிட்டுப் போனார். கேமராவோடு வந்த சிடி விண்டோஸுக்கானது. என் பழைய கணினியில் இருந்தது லினக்ஸ், பாலிடெக்னிக்கில் படித்தபோது ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்தது. பிரௌசிங் சென்டருக்குப் போயிருந்தால் பத்து நிமிட வேலை. எனக்குத் தெரியும் என்ற எண்ணம்தான் என்னை வீட்டிலேயே உட்காரவைத்தது.

கேபிளைச் செருகினேன். ஒன்றும் நடக்கவில்லை. கணினியில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைக் கேட்டேன். கேமராவின் பெயரும் மாடலும் வந்தன. படங்களைக் கேட்டால் மட்டும் அனுமதி இல்லை என்றது. "ஒன் கம்ப்யூட்டருக்கு எல்லாத்துக்கும் உத்தரவு வேணும், தாசில்தார் ஆபீஸ் மாதிரி" என்று அண்ணன் கேலி செய்வது வழக்கம். நிர்வாகி கடவுச்சொல் கொடுத்து மறுபடி கேட்டேன். எண்பத்தாறு படங்களின் பெயர்கள் வரிசையாகத் திரையில் இறங்கின. அந்த வாரத்தில் நான் மூச்சு விட்டது அப்போதுதான்.

எதில் அண்ணன் இருக்கிறான் என்று தெரியாததால் முதலில் அவற்றின் சிறு மாதிரிகளை மட்டும் என் கணினிக்கு இறக்கினேன். ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு. அறுபத்தோராவதில் அவன் இருந்தான். அம்மாவைக் கூப்பிட்டேன்.

"எடுத்துட்டேம்மா."

அம்மா திரையைத் தொட்டாள்.

அதற்குப் பிறகு உண்மையான படத்தை, பெரியதை, இறக்க வேண்டியிருந்தது. அறுபத்தொன்றை மட்டும் கேட்டிருந்தால் வந்திருக்கும். நான் ஒன்றிலிருந்து வரிசையாகத் தொடங்கினேன். எதையும் வரிசையாகச் செய்வது என் பழக்கம். இருபத்து மூன்றில் கேமரா அணைந்தது. பேட்டரி தீர்ந்துவிட்டது.

கேமராவை மேசையிலேயே வைத்துவிட்டுப் பேட்டரி வாங்கக் காரைக்கால் கடைத்தெருவுக்குப் பஸ் ஏறினேன். திரும்பி வந்தபோது மேசையில் கேபிள் மட்டும் கிடந்தது.

"மாப்ள வந்தாரு. எடுத்துட்டாளான்னு கேட்டாரு. எடுத்துட்டா, நானே பாத்தேன்னு சொன்னேன். வாங்கிட்டுப் போயிட்டாரு" என்றாள் அம்மா.

பெரியம்மா வீட்டுக்கு ஓடினேன். அத்தான் வாசலில் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் சார்ஜ் ஏற்றிய வேறு பேட்டரிகள் இருந்தன.

"கெளம்பறதுக்கு முன்னாடி சொந்தக்காரங்க எல்லாரையும் எடுத்துரலாம்னு பாத்தேன், எடம் இல்லைன்னுச்சு. நீதான் எடுத்துட்டியாமே, அத்தை சொன்னாங்க. பழசையெல்லாம் அழிச்சிட்டேன்."

"புதுசா எவ்வளவு எடுத்தீங்க அத்தான்?"

"மறுபடி நெறஞ்சிருச்சு. ஏம்மா, எடுக்கலையா?"

அழித்த படங்களை மீட்க மென்பொருள் உண்டு. ஆனால் அந்த இடத்தில் வேறு படங்கள் வந்து உட்காராதிருக்க வேண்டும். இப்போது அதே இடத்தில் என் பெரியம்மாவும் அவர் வீட்டுப் பிள்ளைகளும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"எடுத்துட்டேன் அத்தான்" என்றேன்.

எங்கள் பேச்சில் ஒரு படத்தைப் பிடிப்பதும் எடுப்பதுதான், வெளியே கொண்டுவருவதும் எடுப்பதுதான், இல்லாமல் ஆக்குவதும் எடுப்பதுதான். அந்தச் சொல்லை அன்று முதலில் சொன்னவள் நான். அம்மா அதைத் திருப்பிச் சொன்னாள், அவ்வளவே.

ஸ்டூடியோவில் அந்தச் சிறு படத்தைப் பெரிதாக்கித் தரக் கேட்டேன். கண் நான்கு சதுரம், வாய் ஒரு கறுப்புக் கோடு. மனுவோடு ஒரு பிரதியைக் கொடுத்தேன். வாங்கியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கோப்பில் குத்தினார். இன்னொன்றை அம்மாவிடம் கொடுத்தேன்.

"தண்ணிக்குள்ளேந்து பாக்கற மாதிரி இருக்கான்" என்றாள். படத்தைத் தள்ளிப் பிடித்து, "அன்னிக்குக் கம்ப்யூட்டர்ல தெளிவாத்தானே இருந்தான்?"

"சின்னதா இருந்தா தெளிவா இருக்கும்மா."

"அப்ப சின்னதாவே இருக்கட்டும்."

ஸ்டூடியோவில் தீப்பெட்டி அளவில் அச்செடுத்து, வழக்கமான பெரிய சட்டத்தின் நடுவில் ஒட்டித் தந்தார்கள். பார்க்க வந்தவர்கள் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் ஏன் இவ்வளவு சின்னதாக என்று கேட்டார்.

"என் மவதான் கம்ப்யூட்டர்லேந்து எடுத்தா" என்றாள் அம்மா, கொஞ்சம் பெருமையாகவே. நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.