கோத்தா திங்கியில் ஒரு சிவப்புக் கோடு

கட்டட வேலையில் கையில் சிமெண்டே ஒட்டாமல், எல்லாத் தாமதத்துக்கும் பதில் சொல்ல வேண்டிய ஒரே ஆள் அட்டவணை போடுகிறவன்.

நான் அந்த ஆள். எந்த வேலை முடிந்தால் எதைத் தொடங்கலாம் என்று கட்டம் கட்டமாக வரைந்து, நடுவில் அம்புக்குறி போடுவேன். தொடக்கத்திலிருந்து முடிவு வரை போகிற பாதைகளில் எது மிக நீளமோ அதைக் கணினி சிவப்பில் காட்டும். கிரிட்டிக்கல் பாத் என்பார்கள். மற்றப் பாதைகள் நீலம், அவற்றில் கொஞ்சம் முன்பின் ஆனாலும் சமாளிக்கலாம். சிவப்பில் ஒரு வேலை தள்ளிப்போனால் கட்டடமே தள்ளிப்போகும். இதைப் படிப்பவர்களில் இதே பிழைப்பில் மாட்டிக்கொண்டவர்கள் இருந்தால், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். நம் கதையை நமக்குள்ளேதான் பேசிக்கொள்ள முடியும். கீழே இருப்பதெல்லாம் மலேசியாவில், ஜோகூர் மாநிலத்துக் கோத்தா திங்கியில் நாங்கள் ஒரு டயாலிசிஸ் மையம் கட்டியபோது நடந்தவை. சின்னக் கட்டடம்தான்.

மழைக்கு இடமில்லை

எங்கள் கட்டடக் குத்தகை நிறுவனத்தின் முதலாளி மெய்யப்பன். கோபக்காரர் இல்லை, ஆனால் முடிவுத் தேதியை முதலில் எழுதிவிட்டு அதற்கு ஏற்றபடி வேலையைச் சுருக்கச் சொல்கிறவர். ஆண்டுக் கடைசியில் கோத்தா திங்கியில் ஆறு ஊருக்குள் வரும் என்பது அங்கே படிக்கிற பள்ளிப்பிள்ளைகளுக்கும் தெரியும். அதனால் அந்த மாதங்களில் மழைக்கென்று கொஞ்சம் நாட்களை ஒதுக்கியிருந்தேன். கட்டச் சொன்ன அறக்கட்டளை கேட்ட தேதியை அது தாண்டிவிட்டது.

மெய்யப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மழைக்கான கட்டத்தின் மேல் பேனாவால் ஒரு கோடு போட்டார். ஆறு வருமே பாஸ் என்றேன். அவர் பொறுமையாகத்தான் சொன்னார்: “வந்தா வரட்டும் லா. பேப்பர்ல எதுக்கு நீ முன்னாடியே அத வரவைக்கிற?”

கடைசிக் கட்டம்

கட்டுமான இடத்துக்கு எதிரில் லெட்சுமி அக்காவின் சாப்பாட்டுக் கடை. நாங்கள் எல்லோரும் அங்கேதான் சாப்பிடுவோம். அக்காவின் கணவர் சுப்பையா முன்பு செம்பனைப் பழ லாரி ஓட்டியவர். சிறுநீரகம் கெட்டுப் போனதிலிருந்து, இரத்தம் சுத்தம் செய்ய வாரத்துக்கு மூன்று முறை ஜோகூர் பாரு நகரத்துக்குப் போய் வந்தார். வெளிச்சம் வருவதற்கு முன்பே மகன் காரில் ஏற்றிக்கொண்டு போவான். அக்காவும் கூடப் போவார். அந்த நாட்களில் கடை பூட்டிக் கிடக்கும்.

ஒருநாள் எனக்கு ஒரு கிளாஸ் தே தாரிக் கொண்டுவந்த அக்கா, வேலைத்தளக் கேபின் சுவரில் ஒட்டியிருந்த என் அட்டவணைப் படத்தின் முன்னால் நின்றுவிட்டார். அதுவரை அதை நின்று பார்த்தவர்கள் யாருமில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அம்புக்குறிகளை விளக்கினேன். எந்தக் கட்டத்தில் தன் வீட்டுக்காரரைப் படுக்க வைப்பீர்கள் என்று கேட்டார். வலது ஓரத்தில் இருந்த கடைசிக் கட்டத்தைக் காட்டினேன். அக்கா அங்கிருந்து பின்பக்கமாக, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். “அவருக்கு முன்னால நிக்கிற இவ்வளவு பேரும், சொன்ன வேலைய சொன்ன மாதிரி செய்யணுமா தம்பி?”

சும்மா இருக்கக் கூடாது

டயாலிசிஸ் மையத்துக்குச் சாதாரணத் தண்ணீர் போதாது. சுத்திகரிக்கும் இயந்திரம் ஒன்று வேண்டும். அது பெரியது, கதவு வழியாக நுழையாது. ஆகவே அந்த அறைக்கு மூன்று சுவர் எழுப்பி, இயந்திரத்தை உள்ளே வைத்துவிட்டு நாலாவதைக் கட்ட வேண்டும். என் படத்தில் அம்பு அப்படித்தான் போயிற்று. கூட்டத்திலும் சொன்னேன், வாட்ஸ்அப்பிலும் சொன்னேன். ஆனால் இயந்திரம் ஏதோ ஒரு ஒப்புதலுக்காகத் துறைமுகத்தில் நின்றுவிட்டது.

வேலைத்தள மேற்பார்வையாளர் குணா அண்ணன். சுறுசுறுப்பானவர், நல்ல மனிதர். நான் ஒரு திங்கட்கிழமை அங்கே போனபோது நாலாவது சுவர் எழுந்திருந்தது. பூசியும் இருந்தார்கள், அதற்குள் குழாய்கூடப் போயிருந்தது. இயந்திரம் லாரியில் வந்து இறங்கிய அன்று அந்தச் சுவரை உடைத்தோம். அதுவரை நீலத்தில் இருந்த தண்ணீர் வேலை சிவப்புக்குப் போனது. அண்ணன் தலையிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டே வந்து என் பக்கத்தில் நின்றார். “ஆளுங்க சும்மா ஒக்காந்திருந்தாங்க தம்பி. சும்மா ஒக்காந்திருக்கிறத மட்டும் என்னால பாக்க முடியாது.”

பாலத்துக்கு இந்தப் பக்கம்

தியாகு எங்கள் வயர்மேன். மின் இணைப்பு வேலைக்குக் கையெழுத்துப் போட உரிமம் உள்ளவன் எங்களிடம் அவன் ஒருத்தன்தான். ஒரு காலையில் வரவில்லை. அழைத்தேன். ஜோகூரிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் பாலத்துக்கு முன்னால் உள்ள சோதனைச் சாவடியில், பேருந்து வரிசையில் நின்றுகொண்டிருந்தான். சிங்கப்பூரில் கூடுதல் சம்பளத்துக்கு ஒரு நிறுவனத்தில் சேர்ந்துவிட்டானாம். நேற்றே சொல்ல நினைத்து, முடியவில்லையாம்.

மின்சாரம் இப்போது சிவப்புக் கோட்டில் இருக்கிறது, நீ போனால் உனக்குப் பின்னால் எல்லாம் நிற்கும் என்று கெஞ்சினேன். புத்தி கெட்டுப்போய் படத்தையும் அவன் கைத்தொலைபேசிக்கு அனுப்பினேன். ஜோகூரில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும், அந்த வரிசையில் நிற்கிற ஒருத்தனைப் படம் காட்டித் திருப்பிக் கூப்பிட முடியாது. ஆனாலும் அவன் பார்த்தான் போலிருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து அவனே அழைத்தான். குரலில் வருத்தம் இருந்தது. “அண்ணே, எனக்கும் பிள்ளைங்க இருக்கு. உங்க அம்பு எல்லாம் பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்னுடுதே, நான் என்ன செய்யட்டும்?”

படகு

வேறு வயர்மேன் கிடைப்பதற்குள் மழை வந்துவிட்டது. ஆறும் வந்தது. வேலையைப் பார்க்க முந்தின நாள் போன நான், கடைத்தெருவில் ஒரு மாடி அறையில் மாட்டிக்கொண்டேன். ஜோகூர் பாருவுக்குப் போகும் சாலை தண்ணீருக்குள் இருந்தது. அக்காவோடு அதே மாடியில் ஒதுங்கியிருந்த சுப்பையா ஏற்கெனவே ஒரு முறை சிகிச்சையைத் தவறவிட்டிருந்தார். முகம் ஊதியிருந்தது. மூச்சு வாங்கியது. பேச்சை நடுநடுவே நிறுத்தித்தான் பேசினார்.

மீட்புப் படகு வந்தது. படகுக்காரர்களோடு சேர்ந்து நானும் அவரைத் தூக்கி உட்கார வைத்தேன். லெட்சுமி அக்கா அவர் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். மேட்டில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. அங்கே போகிற வழி எங்கள் கட்டடத்தைத் தாண்டித்தான். சன்னலில்லாமல், விளக்கில்லாமல் அது தண்ணீருக்கு மேலே நின்றது. நான் வேறு பக்கம் பார்த்தேன். சுப்பையா அதைத்தான் பார்த்தார், படகு வளைந்து திரும்பும் வரை பார்த்தார். “கட்டடம் நல்லாதான் வந்திருக்கு தம்பி. ஒசரமா கட்டியிருக்கீங்க. தண்ணி ஏறல பாருங்க.”

அவர் பிழைத்துக்கொண்டார். அதைச் சொல்லிவிட வேண்டும்.

யார் போட்டது

வெள்ளம் வடிந்ததும் அறக்கட்டளை கூட்டம் போட்டது. இத்தனை தாமதம் ஏன் என்று கேட்டார்கள். மெய்யப்பன் என் அட்டவணையைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அவர் கோடு போட்ட பிரதி அதில் இல்லை, மழை நாட்களை நீக்கித் திருத்திய பிரதிதான் இருந்தது. உண்மையாகவே மறந்துவிட்டார் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டார்: “ஆறு இருக்கிற ஊருக்கு மழையே இல்லாம ஷெட்யூல் போட்டிருக்கியே, ஏன் லா?”

நாற்காலி

எல்லாம் முடிந்து, கட்டடத்தைப் பயன்படுத்த அனுமதிக்கும் சான்றிதழ் மட்டும் பாக்கி. கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். அடுத்தவர் வரவில்லை. மாவட்ட மன்ற அலுவலகத்தில் கேட்டுக் கேட்டு அங்கிருந்த மலாய்க்கார அம்மாவுக்கு என் முகம் பழகிவிட்டது. ரப்பர் தோட்டத்தில் தமிழர்களோடு வளர்ந்தவராம், நன்றாகவே தமிழ் பேசினார், ஐயா என்பதற்கு மட்டும் மலாயில் என்சிக் என்பார். ஒருநாள் என்னை உள்ளே கூட்டிப்போய்க் காலி நாற்காலியைக் காட்டினார். “நீங்களே பாருங்க என்சிக். நான் பொய் சொல்றேன்னு நெனைக்காதீங்க.”

திறப்பு விழா

ஒருவழியாகத் திறந்தார்கள். ரிப்பன் வெட்டினார்கள், மெய்யப்பனுக்கு மாலை போட்டார்கள். நான் எதிர்ப்பக்கம் பார்த்தேன். லெட்சுமி அக்கா கடையின் பெயர்ப்பலகை இல்லை. ஒரு மலாய்ப் பெண் அங்கே வாழைப்பழம் பொரித்து விற்றுக்கொண்டிருந்தார்.

அக்கா அன்று மகனோடு வந்திருந்தார், விழாவுக்கு இல்லை. விற்றுவிட்ட வீட்டின் சாவியை, வாங்கியவர்களிடம் ஒப்படைக்க வந்தார். வெள்ளத்துக்குப் பிறகு இன்னொரு மழைக்காலத்தை நினைத்துப் பார்க்கவே பயமாகிவிட்டதாம். ஜோகூர் பாருவில் மகனின் அடுக்குமாடி வீட்டுக்கே போய்விட்டார்கள். சிகிச்சைக்கு நடந்தே போகலாம். சுப்பையாவின் பெயர் இங்கே பதிவில் இருக்கிறது, படுக்கை தயாராக இருக்கிறது, கூட்டி வாருங்கள் என்றேன். சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. அக்கா உள்ளே எட்டிப் பார்த்தார். வெள்ளை விரிப்புகளையும் சுத்தமான தரையையும் பார்த்தார். “அவரு இப்ப தெம்பாதான் இருக்காரு தம்பி. அந்த எடத்த காத்துக்கிட்டு இருக்கிற வேற யாருக்காவது குடுக்கச் சொல்லுங்க, எங்களுக்கு இனிமே இங்க வீடு இல்ல.”

மொத்தத்தில், எதற்குப் பின் எது என்று தெரிந்துவைத்திருப்பவனுக்கு இந்தத் தொழில் தருகிற ஒரே சலுகை, எல்லோருக்கும் முன்பாகவே வருத்தப்படத் தொடங்கலாம் என்பதுதான்.